சுரண்டாத சுவர்

சிவகாசிக்கு அருகே ஒரு சிற்றூரில் பழுதுபார்த்த வீடொன்றை மந்திரிக்க வருமாறு அழைத்திருந்தார்கள். மந்திரிப்புக்கு ஆறு நாள்கள் இருக்கையில், வண்ணம் பூசும் தம்பி பங்கு இல்லத்திற்கு வந்து நின்றார்.

"சாமி, அந்த அம்மா ஒரு சுவரைச் சுரண்ட விடமாட்டேங்கிறாங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

முன்னறையில் ஒரு சுவருக்கு மட்டும் 'டெக்ஸ்சர்' பூச்சு. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகளின் சேமிப்பில் நடக்கிறது. உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடிக்கவில்லை. வட்டி கட்டும் குடும்பத்துக்குச் சுவரில் அலங்காரம் எதற்கு என்று எண்ணினேன். ஆனால், சுவரை அழகுபடுத்தும் ஆசை நம் பக்கத்தில் புதியதன்று. மதுரையில் திருமலை நாயக்கர் மகாலின் தூண்களுக்குப் பளபளப்புத் தந்தது முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணாம்புச் சாந்து என்பர். செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களையும் அவ்வாறே இழைத்தனர். முன்னோர் வழவழப்பைத் தேடினர். நம் பிள்ளைகள் சொரசொரப்பைத் தேடுகிறார்கள். அவ்வளவே.

போகும் வழியில் லேவியர் நூலின் 14ஆம் அதிகாரம் நினைவில் வந்தது. வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிவிழுந்த கறை தோன்றினால், வீட்டுக்காரன் குருவிடம் அறிவிக்க வேண்டும். குரு வீட்டை ஏழு நாள் அடைத்து வைப்பார். கறை படர்ந்திருந்தால், கறைபட்ட கற்களைப் பெயர்க்கச் சொல்வார். உட்புறத்தைச் சுற்றிலும் சுரண்டி, சாந்தை ஊருக்கு வெளியே கொட்டச் செய்வார். வேறு சாந்து பூசப்படும். குருமடத்தில் படித்த நாளில், வேதத்திற்குள் கொத்தனார் வேலை எப்படி வந்தது என்று சிரித்திருக்கிறோம். அன்று நான் அந்தக் குருவின் மிடுக்கோடுதான் போனேன்.

தம்பி வேலையை விளக்கினார். பழைய டிஸ்டெம்பரைச் சுரண்டி, பட்டி இரு முறை இட்டு, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடிக்க வேண்டும். பிறகு இட்லி மாவினும் கெட்டியான பூச்சைத் தடவி, ஈரம் காயுமுன் சீப்பு போன்ற பல்லால் அலையலையாக இழுக்க வேண்டும். தீப்பெட்டியையும் பட்டாசையும் அச்சுத்தொழிலையும் வளர்த்த அதே வறண்ட காற்று இங்கே இவருக்குப் பகை. சுவர் முழுவதும் தடவிவிட்டு இழுக்க முடியாது. கை எட்டும் அகலம் தடவி, உடனே இழுத்து, அடுத்ததற்குப் போக வேண்டும். முதல் நிறம் காய்ந்தபின் மேடுகளில் மட்டும் இன்னொரு நிறத்தை லேசாக ஒற்றுவார்கள். அப்போதுதான் அலை எழுந்து நிற்கும்.

"இந்த இடத்துலதான் சிக்கல், சாமி. எண்ணெய்ப் பிசுக்கு. பிரைமர் பிடிக்காது. மேல எம்புட்டு அழகா இழுத்தாலும் பாளம் பாளமா வந்துரும்."

தரையிலிருந்து இரண்டு முழ உயரத்தில், மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு கறை, நடுவில் மினுமினுப்பு. பார்த்ததும் விளங்கிவிட்டது. வாணத்திற்கு வெள்ளொளி தருவதும் இரும்புக் கதவுக்கு வெள்ளிப்பூச்சாவதும் அலுமினியப் பொடிதான். மருந்து அறையில் வேலை செய்வோரின் தலைமுடியில் அது குளித்த பின்னும் தங்கியிருக்கும். அந்த வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, எண்ணெய் தேய்த்த தலையைச் சாய்த்து உட்காரும் இடம் அது. ஒரு வெடிவிபத்தில் அவர் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாடறியும். ஒருவர் இருவராய்ப் போனவர்களை அவரவர் வீடுதான் அறியும்.

"அம்மா தினமும் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு, சாமி. அதுக்காகத்தான் இந்தச் சுவரை எடுத்தேன்" என்றாள் மகள். எனக்குச் சுருக்கென்றது. அலங்காரம் என்று நான் நினைத்தது அவளுக்கு மருந்து.

தாய் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் கறையின் மேலிருந்த சுண்ணாம்புத் தூசியை மட்டும் துடைத்தார்.

சொல்ல வந்த வார்த்தை எனக்கு வரவில்லை. இருவரில் எவர் பக்கம் தீர்ப்புச் சொல்வது? "ஏழு நாள் அடைத்து வைப்போமா?" என்று வேடிக்கையாகக் கேட்க வாயெடுத்து, நல்லவேளை, அடக்கிக்கொண்டேன். தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

மந்திரிப்பு நாளில் போனபோது சுவர் முழுவதும் தேன்நிற அலைகள். கறையைச் சுற்றி நாடா ஒட்டி, சன்னல் அளவு இடத்தைத் தம்பி விட்டுவைத்திருந்தார். ஓரம் நேர்த்தியாக இருந்தது. மகளின் முகத்தில் இன்னும் வருத்தம்தான். செபம் முடிந்து தீர்த்தம் தெளித்தபின், நான் அமர்வதற்காக அவள் நாற்காலியைக் கொணர்ந்து அந்தச் சுவரோரம் போட்டாள்.

"அங்க வேணாம்மா. சாமிக்கு இங்கிட்டுப் போடு" என்றார் தாய்.