லாஸ் வேகாஸ் நகரமும் போக்கர் மயக்கங்களும்

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், மொகாவே என்னும் பாலைவனத்தின் நடுவே, இரவைப் பகலாக்கி நிற்கும் நகரம் லாஸ் வேகாஸ். ஸ்பானிய மொழியில் இப்பெயருக்குப் புற்றரைகள் என்பது பொருள். வறண்ட மணலிடையே இயற்கை ஊற்றுக்கள் சில சுரந்து புல்லை வளர்த்தமையால், வழிப்போக்கர் இட்ட பெயர் அது. 1905ஆம் ஆண்டில் புகையிரதப் பாதையின் அருகே காணிகள் ஏலத்தில் விற்கப்பட்டபோது ஊர் பிறந்தது. 1931ஆம் ஆண்டில் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே ஆண்டில் அண்மையிலுள்ள கொலராடோ ஆற்றில் ஹூவர் அணைக்கட்டு வேலையும் தொடங்கியது. வேலைக்கு வந்தோரின் சம்பளப் பணமும் புதிய சட்டமும் கூடி, புல் முளைத்த இடத்திலே பொன் முளைக்கச் செய்தன. அப்பொன் யாருடைய பையில் முளைத்தது என்பது வேறு விடயம்.

லாஸ் ஏஞ்சலீஸ் நகரிலிருந்து பஸ் வண்டியிலே புறப்பட்டால் ஏறக்குறைய 435 கிலோமீற்றர் தூரம். வழிநெடுகக் கல்லும் மணலும் முட்செடியுமே. நம் நாட்டின் வயலும் வடலியும் கண்டு பழகிய கண்ணுக்கு அவ்வெறுமை ஒருவித அச்சத்தையே தருகின்றது. பொழுதுபடும் வேளையில் வண்டி ஒரு மேட்டைக் கடந்ததும், கீழே ஒளிவெள்ளம் ஒன்று பரந்து கிடக்கக் காண்கிறோம். ஸ்ற்றிப் என வழங்கும் நெடுவீதியில் அரண்மனை போன்ற ஹோட்டல்கள் வரிசையாக நிற்கின்றன. பழைய நகரப் பகுதியிலுள்ள பிரிமொன்ற் வீதியோ, 1995ஆம் ஆண்டு முதல் மேலே வளைந்த கூரையும் அதில் ஓடும் ஒளிச்சித்திரங்களுமாகத் திருவிழாப் பந்தல் போலத் தோன்றுகின்றது.

போக்கர் ஆட்டத்தின் வரலாற்றில் அவ்வீதிக்கு ஒரு தனியிடம் உண்டு. டெக்சஸ் மாநிலத்தவரான பென்னி பினியன் என்பவர் 1951ஆம் ஆண்டில் அங்கே ஹோர்ஸ்ஷூ என்னும் கசினோவை நடத்தத் தொடங்கினார். 1970ஆம் ஆண்டில் அங்குதான் உலகப் போக்கர் தொடர் ஆரம்பமாயிற்று. முதலாண்டில் வெற்றி வீரரை ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தெரிந்தெடுத்தனர். ஜோனி மொஸ் என்பவர் அப்பெருமையைப் பெற்றார். பின்னாளில் அத்தொடர் ஸ்ற்றிப் பக்கத்திலுள்ள பெரிய மண்டபங்களுக்கு இடம் மாறிவிட்டது.

நமது 304உம் அவர்களது போக்கரும்

யாழ்ப்பாணத்துத் திண்ணைகளிலே 304 ஆடாத வீடு மிகச் சில. 32 சீட்டுக்களைக் கொண்டு ஆடும் அவ்வாட்டத்தில் ஓரினச் சீட்டுக்களின் புள்ளிகள் 76. நான்கு இனத்துக்கும் 304. பெயர்க் காரணமே அதுதான். அவ்வாட்டத்தில் கூட்டாளி உண்டு, துரும்பு உண்டு. பிரித்த சீட்டு நல்லதோ கெட்டதோ, அதனைக் கடைசிவரை ஆடி முடிப்பதே வழக்கம்.

போக்கரில் இவையொன்றும் இல்லை. ஆடுவோர் அனைவரும் தனித்தனி. இன்று பெருவழக்காயுள்ள டெக்சஸ் ஹோல்டெம் என்னும் வகையில் 52 சீட்டுக்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாகத் தரப்படும். பின்னர் மேசை நடுவே முதலில் மூன்று, அடுத்து ஒன்று, இறுதியில் ஒன்று என ஐந்து சீட்டுக்கள் எல்லார்க்கும் பொதுவாகத் திறந்து வைக்கப்படும். இந்த ஏழினுள் சிறந்த ஐந்தைத் தெரிந்து கொள்ளலாம். ஒவ்வொரு கட்டத்திலும் பிறர் பணயம் வைத்தால் அதற்கு ஈடாக வைக்க வேண்டும். அன்றேல் சீட்டைக் கீழே வைத்து விலகிவிடலாம். விலகியவர் அதுவரை வைத்த பணத்தை இழப்பார். ஆனால் அதற்குமேல் ஒரு சதமும் இழக்கமாட்டார்.

இவ்விலகும் உரிமையே போக்கரின் உயிர். புதிதாக ஆட வருவோர் கொள்ளும் மயக்கங்களுட் பல, இவ்வுரிமையை உணராமையினாலேயே விளைகின்றன.

மேசையருகே நின்று கண்டவை

நாம் சென்ற மண்டபத்திற் சாளரமும் இல்லை, கடிகாரமும் இல்லை. வேலிபோற் கட்டிய கயிற்றுக்கு இப்பால் நின்று நெடுநேரம் பார்த்திருந்தோம். மேசையொன்றைச் சூழ ஒன்பதின்மர் இருந்தனர். அவருட் சிலர் ஊர்திரிய வந்த புதியவர் என்பது அவர்தம் உற்சாகத்திலேயே தெரிந்தது. பழகியவர்களோ சோம்பியவர்கள் போலக் காணப்பட்டனர். சீட்டு வரும், முனையைத் தூக்கிப் பார்ப்பர், தள்ளிவிடுவர். பத்து ஆட்டங்களில் ஏழெட்டினை இவ்வாறே கழித்தனர். புதியவர்களோ ஏறக்குறைய எல்லா ஆட்டத்திலும் புகுந்தனர். வந்த சீட்டை ஆடாது விடுவது கோழைத்தனம் என்பது அவர்களுடைய எண்ணம் போலும். இதுவே முதல் மயக்கம்.

இரண்டாவது மயக்கம், நல்ல சீட்டு வந்தால் வெற்றி நிச்சயம் என்பது. கைச்சீட்டு இரண்டும் ஆசாக அமைவதே யாவற்றினும் சிறந்த தொடக்கம். அது 221 தடவைக்கு ஒரு தடவையே வாய்க்கும். எதிரி ஒருவனாயின் அது 100க்கு ஏறக்குறைய 85 தடவை வெல்லும். ஆனால் எட்டு எதிரிகளும் இறுதிவரை நின்றால், 100க்கு ஏறக்குறைய 35 தடவையே வெல்லும். தனித்தனியே ஒவ்வொருவரையும் வெல்லும் சீட்டு, கூட்டத்தின் நடுவே தோற்பதற்கே இடம் மிகுதி. புதியவர் தோற்றபின் விதியை நோகின்றார். கணக்கோ முன்னரே அதனைச் சொல்லிவிட்டது.

கைச்சீட்டு இரண்டும் ஓரினமாய் இருந்தாற் பெரும்பேறு என்பது இதனோடொத்த மற்றொரு நம்பிக்கை. அவ்வினத்திலேயே முதல் மூன்று பொதுச்சீட்டும் அமைந்து ஐந்தும் நிறைவது 118 தடவைக்கு ஒரு தடவைதான்.

நாலு சீட்டு ஓரினமாகி, கடைசி ஒன்றுக்காகக் காத்திருக்கும் நிலையை எடுத்துக்கொள்வோம். காணாத சீட்டுக்கள் 46. அவற்றுள் நமக்கு உதவுவன 9. ஐந்தில் ஒன்றினும் சற்றுக் குறைந்த வாய்ப்பு. நடுவில் 100 டொலர் இருக்க, தொடர்ந்து நிற்பதற்கு 20 டொலர் வைக்கும்படி வந்தால், ஆறில் ஒரு வாய்ப்பிருந்தாலே கணக்குச் சரியாகும், ஆகவே நிற்கலாம். நடுவில் 40 டொலர் மட்டும் இருக்க அதே 20 டொலர் வைக்கும்படி வந்தால், மூன்றில் ஒரு வாய்ப்பு வேண்டும், ஆகவே விலகவேண்டும். இரண்டிலும் சீட்டு ஒன்றே, முடிபு வேறு. புதியவர் சீட்டை மட்டும் பார்க்கின்றார். தேர்ந்தவர் கொடுக்கும் விலையையும் பெறும் பொருளையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றார். சந்தையிலே மீன் வாங்கும் நம் தாய்மார் நாள்தோறும் செய்வதும் இதுவே.

மூன்றாவது மயக்கம் திரைப்படங்கள் வளர்த்தது. முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு, கையில் ஒன்றுமின்றியே பெரும் பணயம் வைத்து மற்றவரை மிரட்டுவதே போக்கர் என்று பலர் எண்ணுகின்றனர். மிரட்டல் இவ்வாட்டத்திற்கு இன்றியமையாதது என்பது மெய்யே. ஹங்கேரியிற் பிறந்த கணித மேதை ஜோன் வொன் நொய்மன், ஒஸ்கார் மோர்கன்ஸ்ரேர்ன் என்பாரோடு சேர்ந்து 1944ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலிலே இதனைக் கணித முறையால் ஆராய்ந்தார். நல்ல சீட்டு வந்தபோது மட்டும் ஒருவர் பெரும் பணயம் வைத்தால், ஏனையோர் அதை அறிந்து உடனே விலகிவிடுவர். நல்ல சீட்டினாற் பயன் விளையாது. ஆதலால் இடையிடையே அளவறிந்து மிரட்டவும் வேண்டும். இங்கே அளவு என்பதே முக்கியமான சொல். விலகவே அறியாத புதியவரிடம் மிரட்டல் பலிக்காது.

முகத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு எவ்வளவு? 2017ஆம் ஆண்டு சனவரியில், பிற்ஸ்பேர்க் நகரிலே, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய லிப்ராற்றஸ் என்னும் கணினிச் செயற்றிட்டம், தேர்ந்த ஆட்டக்காரர் நால்வரோடு 20 நாட்களில் 120,000 ஆட்டங்கள் ஆடி வென்றது. அதற்கு முகமும் இல்லை. எதிரியின் முகத்தைக் காணும் கண்ணும் இல்லை. இருந்தும் அது மிரட்டியது, மிரட்டி வென்றது. முகம் பார்க்கும் வித்தைக்கு ஓரளவு பயன் இருக்கலாம். அடிப்படை கணக்கேயன்றி முகமன்று.

நான்காவது மயக்கம் எல்லாவற்றிலும் கொடியது. இவ்வளவு நேரம் தோற்றாயிற்று, இனி வெற்றி வந்தே தீரும் என்பது அது. ஒவ்வோர் ஆட்டத்திற்கும் சீட்டுப் புதிதாகக் கலைக்கப்படுகின்றது. சென்ற ஆட்டத்தில் யார் தோற்றார் என்பதைச் சீட்டு நினைவில் வைத்திருப்பதில்லை. இவ்வளவு பணத்தை நடுவில் வைத்துவிட்டேன், இனி எப்படி விலகுவேன் என்பது இதன் உடன்பிறப்பு. நடுவில் வைத்த பணம் வைத்தவருடையதன்று, வெல்பவருடையது. அதனை மீட்கவென மேலும் வைப்பது, கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கக் குடத்தையும் எறிவது போன்றது.

வித்தை என்றால் யாருடைய வித்தை?

அதே மண்டபத்தில் ரூலெற் என்னும் சுழற்சக்கரமும் உண்டு. அமெரிக்கச் சக்கரத்தில் 38 குழிகள். ஓர் எண்ணிற் பணம் வைத்து வென்றால் ஒன்றுக்கு 35 தருவர். எல்லாக் குழியிலும் ஒவ்வொரு டொலர் வைத்தாலும், 38 டொலர் போக 36 டொலரே திரும்பி வரும். அங்கே எதிரி கசினோ. எந்த வித்தையும் உதவாது. போக்கரில் எதிரி எதிரே இருக்கும் ஆட்டக்காரர். ஆதலால் இது வெறும் அதிட்டமன்று, அறிவாட்டம் என்பர். அதில் உண்மை உண்டு. அந்த உண்மையிலிருந்தே இறுதி மயக்கமும் பிறக்கின்றது: அறிவாட்டமாயின் கற்றுக்கொண்டு பிழைக்கலாமே என்பது அது.

கசினோ இலவசமாக மேசை போடுவதில்லை. நடுப்பணத்திலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றது. ஒன்பது பேர் தலைக்கு 100 டொலருடன் அமர்ந்தனர் என்று கொள்வோம், மொத்தம் 900. ஆட்டத்திற்கு 3 டொலர் வீதம், மணிக்கு 30 ஆட்டம் நடந்தால், மணிக்கு 90 டொலர் கசினோவுக்குப் போகும். பத்து மணி நேரத்தில் 900 டொலரும் தீர்ந்துவிடும். மேசையில் இருந்து வெல்ல வேண்டுமாயின், ஏனையோரை வென்றால் மட்டும் போதாது. இந்த வரியையும் ஈடுசெய்யுமளவு வெல்லவேண்டும். மேலும், வித்தையே வெல்லுமாயின், வித்தையிற் குறைந்தவர் தோற்பது திண்ணம். புதிதாக அமர்பவரே மேசையில் வித்தை குறைந்தவர் அல்லவா?

2003ஆம் ஆண்டில் கிறிஸ் மணிமேக்கர் என்னும் கணக்காளர், இணையத்தில் 86 டொலர் கட்டி நுழைந்து, உலகத் தொடரின் தலைமைப் போட்டியில் 25 இலட்சம் டொலர் வென்றார். அவ்வாண்டு அப்போட்டியில் ஆடியோர் 839 பேர். 2006ஆம் ஆண்டில் அத்தொகை 8,773 ஆக உயர்ந்தது. நுழைவுக் கட்டணமோ 10,000 டொலர். வென்ற ஒருவரின் பெயரை உலகம் அறியும். வெறுங்கையோடு வீடு திரும்பியோரின் பெயரைப் பாடுவார் யார்?

இக்கணக்கு இன்று தொலைவிலுள்ள பாலைவன நகருக்கு மட்டும் உரியதன்று. கைத்தொலைபேசியிலேயே போக்கர் மேசை விரிகின்றது. விடுதி அறையில் தனித்திருக்கும் மாணவனுக்கு வாயிற்காவலும் இல்லை; வயது கேட்பாரும் இல்லை. நெவாடாவிலோ 21 வயது நிரம்பாதவர் சட்டப்படி மேசையில் அமரவே முடியாது. மாணவரோடு நாளும் பழகுவோராகிய எமக்கு இவ்வேறுபாடு மிகுந்த கவலை தருகின்றது. அறிவாட்டம் என்ற நற்பெயரே கூரிய அறிவுடைய பிள்ளையை முதலில் ஈர்க்கும். கணிதத்திற் கெட்டிக்காரன் தான் தோற்கமாட்டேன் என்று எண்ணுவான். பெற்றோர் வெறுமனே அது பாவம் என்று சொல்லி நிறுத்தாமல், மேற்கூறிய 900 டொலர்க் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுவது நன்று. கெட்டிக்காரப் பிள்ளை கணக்குக்குத் தலைவணங்கும்.

பணயமின்றி வீட்டிலே ஆடும் சீட்டில் தீங்கில்லை. வாய்ப்பை அளக்கவும், பொறுமையைப் பழகவும், தோல்வியை முகங்கோணாது ஏற்கவும் அது உதவும். ஆனால் பணம் புகுந்தபின் விலகும் ஆற்றல் எவர்க்கும் எளிதன்று. 1957ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரிலே, சூதுப் பழக்கத்தினின்று விடுபட விரும்பியோர் ஒருவர்க்கொருவர் துணையாகச் சங்கம் ஒன்று நிறுவ நேர்ந்ததும் இதனாலன்றோ?

வியாசர் அருளிய பாரதத்தை நினைந்து பார்ப்போம். தருமன் நாட்டையும் தம்பியரையும் தன்னையும் தேவியையும் சூதிலே இழந்தான். திரௌபதி பெற்ற வரத்தினால் விடுதலை கிடைத்தது. நாடும் திரும்பக் கிடைத்தது. மீண்டும் அழைப்பு வந்தது. அவன் மீண்டும் சென்று அமர்ந்தான், வனவாசம் வந்தது. முதல் ஆட்டத்திற் சகுனியின் வஞ்சனையைக் குறை கூறலாம். இரண்டாம் ஆட்டத்திற்கு எதனைக் குறை கூறுவது? திருவள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார், அது 94ஆவது.

பாலைவனத்து மேசையிலே தேர்ந்தவர் சீட்டைத் தள்ளிவிட்டுக் கைகட்டி இருந்த காட்சியே இவ்வூரில் நாம் கண்டவற்றுள் மிகப் பெரிய பாடம். அவர்கள் ஓர் ஆட்டத்தை விட்டு விலகக் கற்றவர்கள். மேசையையே விட்டு எழக் கற்றவர் அவரினும் தேர்ந்தவர்.