உதவித்தொகையா, தள்ளுபடியா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் திருவனந்தபுரத்தின் சாலையோரப் பலகைகளில் ‘ஸ்காலர்ஷிப்’ என்னும் சொல் பெருகிவிடுகிறது. தனியார் வடிவமைப்புக் கல்லூரிகளின் விளம்பரங்களில் அது நூறு விழுக்காடு வரை உயரும். உயர்கல்விக் கட்டணம் குறித்து ஆய்வு செய்பவள் என்பதால் இவ்விளம்பரங்களைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். அவற்றுள் பலவும் உதவித்தொகையின் அளவைச் சொல்கின்றன. எத்தனை பேருக்கு, எந்த அளவுகோலின்படி, யார் முடிவு செய்வார்கள் என்பவற்றைச் சொல்வதில்லை.

சென்ற ஆண்டு கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஒரு மாணவி இந்நகரின் ஒரு கல்லூரியில் சேர வந்தாள். தாய் முந்திரி ஆலைத் தொழிலாளி. கல்லூரி நடத்திய உதவித்தொகைத் தேர்வில் அவளுக்கு இருபத்தைந்து விழுக்காடு கிடைத்தது. அதே தேர்வை எழுதி அவளைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற தோழிக்கும் முதலில் இருபத்தைந்துதான். தோழியின் தந்தை வேறொரு கல்லூரியின் கட்டண விவரத்தைக் காட்டிப் பேசினார். இரண்டே நாளில் அது நாற்பதாயிற்று. அம்மாணவி என்னிடம் கேட்டது இதுதான்: “அக்கா, எனக்கு மார்க் கொறஞ்சு போச்சா, இல்ல எங்க அம்மாவுக்குப் பேசத் தெரியாததா?”

இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால், ஒரே பெயரில் வழங்கும் மூன்று வேறு பொருள்களைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது பரிசு: திறமையை முன்னிட்டுத் தரப்படுவது, பெறுபவர் செல்வரா வறியவரா என்பது அதற்குப் பொருட்டன்று. இரண்டாவது உதவி: படிக்கத் தகுதி இருந்தும் பணம் இல்லாதவருக்குத் தரப்படுவது. மூன்றாவது தள்ளுபடி: காலியாக இருக்கக்கூடிய ஓர் இடத்தை நிரப்புவதற்காக விலையைக் குறைப்பது. மூன்றுமே தம்மளவில் தவறானவை அல்ல. தள்ளுபடிக்குப் பரிசின் பெருமையும் உதவியின் அறமும் சூட்டப்படும்போதுதான் அநீதி தொடங்குகிறது. பேரம் பேசத் தெரிந்தவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது சந்தையின் இயல்பு. அதையே உதவித்தொகை என்று அழைத்தால், குறைவாகப் பெற்றவள் தன் திறமையைத்தான் ஐயுறுவாள்.

இது கேரளத்தின் தனிப்பழக்கம் அன்று. அமெரிக்காவின் இலாப நோக்கற்ற தனியார் கல்லூரிகள் இளநிலை முதலாண்டு மாணவரிடம் அறிவித்த கட்டணத்தில் சராசரியாகப் பாதிக்கும் மேலானதை ‘உதவித்தொகை’ என்னும் பெயரில் விட்டுக்கொடுக்கின்றன. அறிவித்த விலை உயர்கிறது; தள்ளுபடியும் உயர்கிறது. விலையைக் கண்டே விலகிப்போகும் எளிய குடும்பத்துக்கு அந்தத் தள்ளுபடி இருப்பதே தெரிவதில்லை.

வடிவமைப்புக் கல்வியில் இச்சிக்கல் மேலும் ஆழமானது. இங்கே தேர்வு பெரும்பாலும் ‘போர்ட்ஃபோலியோ’ என்னும் படைப்புத் தொகுப்பை வைத்து நடக்கிறது. நல்ல தொகுப்புக்கு மடிக்கணினி வேண்டும், மென்பொருள் வேண்டும், தரமான தாளும் அச்சும் வேண்டும். பலருக்குப் பயிற்சி மையமும் வேண்டும். ஆகவே தொகுப்பு கைத்திறனோடு சேர்த்துக் குடும்பத்தின் வசதியையும் அளந்துவிடுகிறது. திறமைக்கென்று தரும் தொகை, ஏற்கெனவே செலவு செய்ய முடிந்தவரிடமே மீண்டும் போய்ச் சேர்கிறது. சேர்ந்த பிறகும் கற்பிப்புக் கட்டணத்தோடு செலவு முடிவதில்லை. ஒவ்வொரு பருவத்திலும் மாதிரிகள் செய்யப் பொருள் வாங்க வேண்டும். கட்டணத்தில் கால் பங்கைக் குறைத்துவிட்டு, எஞ்சிய செலவுகளைப் பற்றிப் பேசாதிருப்பது பாதி வழியில் இறக்கிவிடுவதற்கு ஒப்பாகும்.

இன்னொன்றும் உண்டு. உதவித்தொகை தொடர வேண்டுமானால் குறிப்பிட்ட மதிப்பெண் பெற வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. வடிவமைப்பில் அம்மதிப்பெண்ணின் பெரும்பகுதியை ‘ஜூரி’ எனப்படும் மதிப்பீட்டு அமர்வு தீர்மானிக்கிறது. அழகியல் தீர்ப்பில் கருத்து வேறுபாடு இயல்பு. ஆனால் அந்த வேறுபாட்டின் விலையை உதவி பெறும் மாணவி மட்டும் பணமாகச் செலுத்துகிறாள். முழுக் கட்டணம் கட்டுபவருக்குக் குறைந்த மதிப்பெண் ஒரு வருத்தம். இவளுக்கு அது படிப்பின் முடிவாகலாம்.

தனியார் நிறுவனம் தன் பணத்தைத் தன் விருப்பப்படி கொடுக்கக் கூடாதா என்று நண்பர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. உச்ச நீதிமன்றமும் நெடுங்காலம் இதனோடு போராடியிருக்கிறது. 1993ஆம் ஆண்டு உன்னிகிருஷ்ணன் வழக்கில், தனியார் தொழிற்கல்லூரிகளில் பாதி இடங்களை அரசுக் கட்டணத்துக்கு ஒதுக்கி, மறுபாதியினரின் உயர்ந்த கட்டணத்தால் ஈடுசெய்யும் திட்டத்தை வகுத்தது. 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கின் பதினொரு நீதிபதிகள் அமர்வு அத்திட்டத்தைச் செல்லாததாக்கியது. ஒரு மாணவரின் செலவை இன்னொரு மாணவர்மீது சுமத்தலாகாது என்பது அதன் கருத்து. 2005இல் இனாம்தார் வழக்கில், வெளிநாடுவாழ் இந்தியருக்கான இடங்கள் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும், அதில் வரும் தொகை நலிந்த பிரிவினர் போன்றோரின் நலனுக்குப் பயன்பட வேண்டும் என்றும் கூறப்பட்டது. கட்டணம் நியாயமாகவும் சேர்க்கை வெளிப்படையாகவும் இருக்க வேண்டும் என்பது இத்தீர்ப்புகள் வலியுறுத்திய நெறி. உதவித்தொகையும் கட்டணத்தின் மறுபக்கமே. ஒன்றுக்கு வேண்டிய வெளிப்படைத்தன்மை மற்றொன்றுக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் இல்லை. உரிய ஏற்பு இல்லாத பட்டயப் படிப்புகளுக்கு அரசின் உதவியும் பொதுவாக எட்டாது. அங்கே கல்லூரி தரும் தொகைதான் மாணவருக்கு ஒரே பற்றுக்கோடு. அதனால் கல்லூரியின் பொறுப்பு கூடுகிறது.

இந்நகரத்துக்கு இது ஏட்டுப் பொருள் அன்று. அடூர் பொறியியல் கல்லூரியில் பயின்ற தலித் மாணவி ரஜனி எஸ். ஆனந்த், படிப்பைத் தொடரக் கல்விக் கடன் கேட்டு மறுக்கப்பட்ட நிலையில், 2004 ஜூலை 22 அன்று இங்கே, நுழைவுத் தேர்வு ஆணையர் அலுவலகம் இயங்கிய கட்டடத்தில் உயிர் துறந்தார். சேர்க்கை கிடைப்பது வேறு, படித்து முடிப்பது வேறு என்பதை அம்மரணம் கேரளத்துக்கு உணர்த்தியது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன் இதே நகரில் ஆங்கில இலக்கியத்தில் முதலிடம் பெற்ற கே. ஆர். நாராயணன், டாட்டா உதவித்தொகை பெற்று 1945இல் லண்டனுக்குப் படிக்கச் சென்றார். பின்னாளில் குடியரசுத் தலைவரானார். அந்தக் கதையை நாம் விரும்பிச் சொல்கிறோம். ஒருவருக்குக் கிடைத்த வாய்ப்பைக் கொண்டாடுவதில் பிழையில்லை. அதை எல்லோருக்குமான ஏற்பாடாக எண்ணிக்கொள்வதே பிழை.

நான் கேட்பவை எளியவை. பரிசு, உதவி, தள்ளுபடி மூன்றுக்கும் தனித்தனிப் பெயரும் தனித்தனி நிதியும் இருக்கட்டும். சேர்க்கை தொடங்கும் முன்பே எண்ணிக்கை, தொகை, அளவுகோல், தொடர்வதற்கான நிபந்தனை ஆகியவை எழுத்தில் வெளியிடப்படட்டும். படைப்புத் தொகுப்புகள் பெயரும் ஊரும் பள்ளியும் மறைக்கப்பட்டு மதிப்பிடப்படட்டும். மறுக்கப்பட்டவருக்குக் காரணம் எழுத்தில் தரப்படட்டும். மேல்முறையீட்டைத் தேர்வுக் குழுவில் இல்லாத ஒருவர் கேட்கட்டும். ஆண்டிறுதியில், பெயர்களை வெளியிடாமல், யாருக்கு எதன்பொருட்டு எவ்வளவு தரப்பட்டது என்னும் கணக்கு வரட்டும். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு ஆகாது.

இப்பதிவைப் படிக்கும் பேராசிரியர்கள் பலர் இத்தகைய குழுக்களில் புறத்தேர்வாளர்களாக அமர்கிறீர்கள். அடுத்த முறை அழைப்பு வரும்போது, அளவுகோலை எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். எழுதித் தர இயலாதென்றால், உங்கள் கையெழுத்து எதற்காகத் தேவைப்படுகிறது என்பதையும் கேளுங்கள். மாணவ நண்பர்களே, உங்களுக்கு வழங்கப்பட்டது எது, எந்த நிபந்தனையில் என்பதை முதல் தவணை கட்டும் முன் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அதைக் கேட்பது நன்றியின்மை ஆகாது.