திரையும் தளர்வும்

முதுமையைச் சொல்ல நரை, திரை, மூப்பு என்று மூன்று சொற்களை அடுக்குவது தமிழ் வழக்கு. நரைக்குச் சாயம் பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது. மூப்புக்கு மருந்தில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் திரையின் மீதுதான் இப்போது வணிகத்தின் கண் விழுந்திருக்கிறது. திரை என்பது கடலலையையும் குறிக்கும். தோலில் விழும் சுருக்கத்தையும் குறிக்கும். திரைதல் என்னும் வினைக்குச் சுருங்குதல் என்று பொருள். பால் முறிந்து கட்டியாவதையும் அச்சொல்லாலேயே சொல்வார்கள். வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவது எங்கள் வழக்கம். அச்சொல்லின் முழுப் பொருத்தமும் ஒரு தோல் மருத்துவரின் அறையில்தான் எங்களுக்கு விளங்கியது.

நாங்கள் மூவர். ஒரே கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறோம். மூவருமே நாற்பதுகளில் இருப்பவர்கள். மூத்தவரை மற்ற இருவரும் அக்கா என்றே அழைப்போம். சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தபின், அக்கா உணவை ஒழுங்குபடுத்தி, விடாமல் நடந்து, 10 மாதங்களில் 14 கிலோ எடை குறைந்தார். சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஆனால் கன்னம் வற்றித் தாடையோரத் தோல் தளர்ந்துவிட்டது. வாயிற்காவலர் முதல் துணை முதல்வர் வரை எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "என்னங்கம்மா, உடம்புக்கு முடியலையா?" நோயை வென்று வந்தவரை நாளுக்குப் பத்துப் பேர் நோயாளியாக்கி விசாரிப்பது சிறிய துன்பம் அன்று. துறை விழாவின் குழுப்படத்துக்கு நிற்காமல் அவர் நழுவிப் போனதை நாங்கள் பார்த்தோம். தை மாதத்தில் மகளின் திருமணம். அதற்குள் கத்தி படாமல் ஏதேனும் செய்ய முடியுமா என்று கேட்கத் தொடங்கினார்.

புறநானூற்றின் 191ஆம் பாடலும் இப்படியொரு விசாரிப்புக்குப் பிறந்த விடைதான். ஆண்டுகள் பல கடந்தும் நரை தோன்றாதது எப்படி என்று கேட்டவர்களுக்கு, மனைவியின் மாண்பு, மக்களின் அறிவு, ஏவலரின் ஒத்த மனம், வேந்தனின் நல்ல காவல், ஊரில் வாழும் சான்றோர் என்று பிசிராந்தையார் காரணங்களை அடுக்குகிறார். எண்ணெய், மூலிகை என்று ஒன்றுமே இல்லை. இதை அக்காவிடம் நினைவூட்டினோம். "அவரைப் பார்த்து, எப்படி இவ்வளவு இளமையாக இருக்கிறீர் என்றல்லவா கேட்டார்கள்? என்னை அப்படியா கேட்கிறார்கள்?" என்றார். அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. மூவருமாகப் புறப்பட்டோம்.

முதலில் சென்ற இடத்தில் மருத்துவர் வருவதற்கு முன்பே விலைப்பட்டியல் கைக்கு வந்துவிட்டது. அன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார் வரவேற்பில் இருந்த பெண். எந்தக் கருவி எதற்கு என்று கேட்டால், எல்லாமே தோலை இறுக்கும் என்பதுதான் பதில். எழுந்து வந்துவிட்டோம். அடுத்துப் பார்த்த மருத்துவர் அரைமணி நேரம் கருவியின் பெயரையே எடுக்கவில்லை. அக்காவின் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து மல்லாந்து படுக்கச் சொன்னார். படுத்ததும் தாடையோரத் தொங்கல் பெரிதும் மறைந்தது; கன்னத்துக் குழி மறையவில்லை. "இரண்டும் வேறு வேறு நோவு" என்றார் அவர்.

அன்று நாங்கள் கற்றுக்கொண்ட இலக்கணம் இதுதான். முதுமை முகத்தில் மூன்று வகையாகத் தெரிகிறது. தோலின் மேற்பரப்பில் விழுவது சுருக்கம். தோலும் அதன் அடியில் உள்ள நார்ப்படலமும் பிடி தளர்ந்து இறங்குவது தொங்கல். கொழுப்பும் எலும்பும் குறைவதால் வருவது வற்றல். இறுக்கும் கருவிகள் எல்லாம் நடுவில் உள்ள தொங்கலுக்கே ஓரளவு உதவுகின்றன. வற்றலை அவை நிரப்புவதில்லை. வெயிலால் வந்த கரும்புள்ளிகளை அவை தொடுவதும் இல்லை. எந்தக் கருவி நல்லது என்று கேட்பதற்கு முன், நம் முகத்தில் எந்தக் குறை மிகுதி என்று கேட்டாக வேண்டும்.

கருவிகள் செய்வது என்ன? தோலின் உள்ளடுக்கில் கொலாஜன் என்னும் புரதம் முறுக்கிய கயிறு போல் இருக்கிறது. ஏறக்குறைய 60 முதல் 70 பாகை செல்சியஸ் வெப்பம் பட்டால் அந்த முறுக்கு அவிழ்ந்து இழை சுருங்குகிறது. இதை உடல் ஒரு காயமாக எடுத்துக்கொண்டு, அடுத்த மூன்று முதல் ஆறு மாதங்களில் புதிய கொலாஜனை உண்டாக்குகிறது. திரையைப் போக்க உள்ளே ஒரு திரைதலை உண்டாக்குகிறார்கள் என்பது விளங்கியபோது, தமிழாசிரியர்களான எங்களுக்கு வந்த சிரிப்பை மருத்துவரால் புரிந்துகொள்ள முடியவில்லை.

இந்த வெப்பத்தை எவ்வழியில், எவ்வளவு ஆழத்தில் செலுத்துவது என்பதில்தான் கருவிகள் வேறுபடுகின்றன. ரேடியோ அலைக்கருவி மேற்தோலைக் குளிர்வித்தபடியே உள்ளடுக்கைப் பரவலாகச் சூடாக்குகிறது. இவ்வகையில் முன்னோடியான தெர்மாஜ் கருவிக்கு, கண்ணைச் சுற்றிய சுருக்கங்களுக்காக 2002இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. மீயொலிக் கருவி, குவிலென்ஸ் வெயிலைக் குவிப்பதுபோல், ஒலியலைகளை 1.5, 3, 4.5 மில்லிமீட்டர் என்று குறித்த ஆழங்களில் புள்ளி புள்ளியாகக் குவிக்கிறது. முகத்தூக்க அறுவையில் மருத்துவர் இழுத்துக் கட்டும் நார்ப்படலம் வரை 4.5 மில்லிமீட்டர் முனை எட்டக்கூடும். அல்தெரபி என்னும் கருவிக்குப் புருவத்தைத் தூக்க 2009இல் ஒப்புதல் கிடைத்தது. அக்கருவியில் உள்ளடுக்குகளைத் திரையில் பார்த்துக்கொண்டே செலுத்தலாம். ஹைஃபு என்ற பொதுப்பெயரில் மலிவாக வரும் பல கருவிகளில் அந்த வசதி இல்லை. வலியும் மீயொலியில் மிகுதி.

மூன்றாவது, நுண்ணூசிகளின் வழியே ரேடியோ அலையைச் செலுத்துவது. பருத்தழும்புக்கும் தோலின் நயத்துக்கும் இது பயன்படுகிறது. ஆனால் தீக்காயம், தழும்பு, கொழுப்பிழப்பு, நரம்புச் சேதம் ஆகியவை நேர்ந்ததாக வந்த புகார்களைச் சுட்டி, 2025 அக்டோபரில் அதே அமெரிக்க நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது. நான்காவது, கரையும் நூலைத் தோலுக்கடியில் கோத்து இழுப்பது. இழுத்த அன்றே பயன் தெரியும். பரவலாகப் பயன்படும் நூல் சில மாதங்களில் கரைந்துவிடும். தோல் குழிவது, ஒருபக்கம் ஏறி ஒருபக்கம் இறங்குவது, கிருமித்தொற்று ஆகியவை இதன் இடர்கள். அறுவை இல்லை என்று சொல்லப்பட்டாலும் தோலைத் துளைக்கும் வேலைதான் இது.

நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கும் கருநிறத்தாருக்கும் ஒரு செய்தி முக்கியமானது. லேசர் ஒளியில் பல வகை, தோலின் நிறமியால் உறிஞ்சப்படுபவை. அளவு மீறினால் கருந்திட்டு விழும். ரேடியோ அலையும் மீயொலியும் நிறமியைப் பார்த்து வேலை செய்வதில்லை. ஆயினும் எந்த வழியில் தோல் சுட்டாலும், நம் நிறத்தில் அதன் கரு வெகுநாள் தங்கும். இதயமுடுக்கி வைத்தவருக்கு ரேடியோ அலை ஆகாது. சர்க்கரை கட்டில் இல்லாதவருக்குக் காயம் ஆறுவதே தாமதம். அக்காவின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைப் பார்த்த பிறகே மருத்துவர் மேற்கொண்டு பேசினார்.

பேசியது இரண்டு செய்திகள். கன்னம் ஏற்கனவே வற்றியிருப்பதால், ஆழமான வெப்பம் மிச்சமிருக்கும் கொழுப்பையும் கரைத்து முகத்தை மேலும் ஒட்டச் செய்யக்கூடும். அதனால் மீயொலி இவருக்கு வேண்டாம். குறைந்த ஆற்றலில் ரேடியோ அலையைத் தாடையோரத்தில் மட்டும் செய்யலாம். அடுத்தது, அதன் பயன் தைக்குள் தெரியாது. "கல்யாணத்துக்காக என்றால் உங்களிடம் காசு வாங்க மாட்டேன். எடை ஆறு மாதம் ஒரே நிலையில் நிற்கட்டும், பிறகு வாருங்கள். அப்போதும் கண்ணாடியில் நீங்கள்தான் கவனிப்பீர்கள், ஊர் கவனிக்காது" என்றார். உடனே பயன் தரும் நூலைப் பற்றி அக்கா கேட்டார். திருமண வேளையில் வீக்கமோ கோணலோ நேர்ந்தால் யார் பொறுப்பு என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அவர் எழுதித் தந்தது சன்ஸ்கிரீன் ஒன்றுதான். எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் 2013இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டுகள் கவனித்தபோது, நாள்தோறும் அதைப் பூசியவர்களின் தோல்முதுமை மற்றவர்களைவிட 24 விழுக்காடு குறைவாக இருந்தது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாண்டுகளில் பெண்ணின் தோல் கொலாஜனில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை இழக்கக்கூடும் என்பதும் அன்று தெரிந்தது. அந்த ஐந்தாண்டு எங்கள் மூவருக்குமே வாயிலில் நிற்கிறது.

அக்கா மகளின் திருமணத்தில் இருந்தபடியே நின்றார். எல்லாப் படங்களிலும் இருக்கிறார். விசாரித்தவர்களிடம், "சர்க்கரையைக் குறைத்தேன், கூடவே சதையும் போய்விட்டது" என்றார்; சிலர் உணவுமுறையைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அதன் பிறகும் அவர் எண்ணத்தை விட்டுவிடவில்லை. எடை நிலைத்தபின் ஒருமுறை ரேடியோ அலைச் சிகிச்சை செய்துகொண்டார். ஊருக்காகச் செய்வதை விட்டுவிட்டார் என்றும், தமக்காகச் செய்வதை ஏன் விட வேண்டும் என்றும் அவரே எங்களைக் கேட்டார். துறவுதான் உயர்வு என்று சொல்லிக் கொடுத்தே பழகிய எங்களுக்கு அக்கேள்வி தேவையாகவே இருந்தது.

இதே தேர்வில் நிற்கும் நண்பர்களுக்குச் சொல்ல எங்களிடம் நான்கு கேள்விகள் உண்டு. என் முகத்தில் எது மிகுதி, சுருக்கமா, தொங்கலா, வற்றலா? இந்தக் கருவி எந்த ஆழத்துக்குப் போகிறது, அங்கே எனக்கு என்ன இருக்கிறது? கருவியை இயக்கப்போவது தோல் மருத்துவரா, உதவியாளரா? எதிர்பார்த்த பயன் கிடைக்காவிட்டால் இந்தப் பணம் போனது எனக்குத் தாங்குமா? விடை சொல்லப் பொறுமையில்லாத இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.

ஆறாம் மாதம் மருத்துவர் எடுத்த படத்தைப் பழைய படத்தோடு சேர்த்துத் துறையறை மேசையில் வைத்துப் பார்த்தோம். தாடைக்கோடு சற்றே தெளிந்திருப்பதாக எங்களில் ஒருவருக்குத் தோன்றியது. மற்றவருக்கு வேறுபாடு தெரியவில்லை. "எனக்குத் தெரிகிறது" என்று சொல்லிவிட்டு அக்கா வகுப்புக்குப் போனார்.