கப்பலுக்குப் பெட்டி கட்டும் சகோதரிகளுக்கு

 

கப்பல் பயணம் என்றால் எங்கள் ஊர்களில் ஒரு காலத்தில் ஒரே அர்த்தம்தான் இருந்தது. அது ஹஜ். தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து தனுஷ்கோடிக்குச் சிறிய கப்பல், பிறகு பம்பாய் வரை மீண்டும் ரயில், பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குப் பெரிய கப்பல். இப்படி மாதக் கணக்கில் போய்வந்த ஹாஜிமார் இருந்தார்கள். விமானம் வந்த பின் அந்தப் பாதை மறைந்தது. இந்தியாவில்கூட 1995ஆம் ஆண்டோடு ஹஜ் கப்பலை நிறுத்திவிட்டார்கள்.

இன்று கப்பல் வேறு உருவத்தில் நம் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது. அவுஸ்திரேலியா, இங்கிலாந்து, கனடா என்று தொழில் பார்க்கும் பிள்ளைகள் உம்மாவையும் வாப்பாவையும் அழைத்துப் போய், இரண்டு மூன்று வாரம் உல்லாசக் கப்பலில் வைத்துக் கடலைக் காட்டுகிறார்கள். "வயது போன பெண்களுக்கு இது தேவையா?" என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. கடலில் செல்லும் கூட்டத்தில் தன்னையும் சேர்க்கும்படி துஆச் செய்யச் சொல்லி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டவர் ஒரு பெண்தான். உம்மு ஹராம் பின்த் மில்ஹான் (ரழி) அவர்கள். உஸ்மான் (ரழி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் கணவர் உபாதா (ரழி) அவர்களோடு கப்பலேறி சைப்ரஸுக்குப் போனார்கள். அங்கே வாகனத்திலிருந்து விழுந்து வபாத்தானார்கள். லார்னகா நகருக்கு அருகே உப்பு ஏரியோரம் அவர்களுடைய கப்ரு இன்றும் காட்டப்படுகிறது. நோக்கம் வேறு என்பது உண்மைதான். ஆனால் கடல் பெண்ணுக்கு உரியதல்ல என்று சொல்ல நமக்கு ஆதாரமில்லை. கப்பலில் மதுவும் சூதும் ஆட்டமும் இருக்கும் பகுதிகளை விட்டு விலகியிருப்பது நம் கையில் இருக்கிறது.

பெண்கள் வகுப்பு முடிந்ததும் இது பற்றி என்னிடம் கேட்கும் சகோதரிகள் இப்போது கூடியிருக்கிறார்கள். கஸ்ராகத் தொழலாமா, கிப்லாவை எப்படி அறிவது, சாப்பாடு ஹலாலா என்று கேட்கிறார்கள். பெட்டியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அது மார்க்கத்தோடு சம்பந்தமில்லாத வேலை என்று நினைக்கிறார்கள் போலும். என் ராத்தாவின் பயணத்தைப் பார்த்த பிறகு, முதலில் பேச வேண்டியது பெட்டியைப் பற்றித்தான் என்று எனக்குப் படுகிறது.

கட்டுச்சாமானும் மார்க்கமும்

ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, நாங்கள் கடலில் செல்கிறோம், குடிக்கக் கொஞ்சத் தண்ணீரையே எடுத்துச் செல்கிறோம், அதில் வுழூச் செய்தால் தாகத்தில் வாடுவோம், கடல் நீரில் வுழூச் செய்யலாமா என்று கேட்ட செய்தி அபூதாவூத், திர்மிதி முதலிய கிரந்தங்களில் இருக்கிறது. கடல் நீரால் சுத்தம் செய்யலாம் என்று பதில் கிடைத்தது. அவர் கேட்காத இன்னொன்றும் கூடவே கிடைத்தது. கடலில் செத்த பிராணியை உண்ணலாம் என்பதே அது. தண்ணீர் குறையும் இடத்தில் உணவும் குறையும் என்பதை உணர்ந்து சொல்லப்பட்ட பதில் என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். யோசித்துப் பாருங்கள். இந்தச் சட்டம் பிறந்ததே ஒரு பயணியின் கட்டுச்சாமான் போதாமையிலிருந்துதான்.

யமன் நாட்டிலிருந்து சிலர், நாங்கள் தவக்குல் வைத்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு வழிச் சாப்பாடு இல்லாமல் ஹஜ்ஜுக்கு வந்து, பிறகு மனிதர்களிடம் கையேந்தினார்கள். கட்டுச்சாதம் எடுத்துச் செல்லும்படி ஏவும் சூரத்துல் பகராவின் 197ஆம் வசனம் இவர்கள் விடயமாக இறங்கியதாக இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஆகவே யோசித்துப் பெட்டி கட்டுவது தவக்குலுக்கு மாற்றமானதல்ல.

1950களின் கடைசியில் கப்பலில் ஹஜ்ஜுக்குப் போன என் உம்மும்மாவின் தகரப் பெட்டியைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றும் பேசுவார்கள். அடியில் கபன் துணி. நடுவில் மாசி, வறுத்த மா, மல்லி, சுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே வாப்பப்பாவின் இஹ்ராம் உடை. பம்பாய்க் கப்பலில் போவோருக்கு யலம்லம் எல்லை நடுக்கடலில்தான் வரும். அறிவிப்புச் செய்ததும் இஹ்ராம் உடுக்க வேண்டும். துணி கப்பலின் அடித்தளத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? எதை எப்போது எடுக்க வேண்டி வரும் என்ற கணக்கில்தான் அந்தப் பெட்டி கட்டப்பட்டது.

1344இல் நமது நாட்டுக்கு வந்து பாவாத மலை ஏறிய இப்னு பதூதாவுக்கு, அதற்குச் சில ஆண்டுகள் முந்திக் கள்ளிக்கோட்டையில் நேர்ந்ததையும் கேளுங்கள். டில்லி சுல்தானின் தூதராகச் சீனாவுக்குப் புறப்பட்டவர், தன் சாமான்களையும் தன்னோடு வந்தவர்களையும் ஒரு கப்பலில் ஏற்றிவிட்டு ஜும்ஆவுக்காகக் கரையில் தங்கினார். புயல் வந்தது. சுல்தானின் பரிசுப் பொருட்கள் இருந்த பெரிய கப்பல் உடைந்தது. அவருடைய சாமான் இருந்த சிறிய கப்பல் பாய் விரித்துப் போயே போய்விட்டது. கரையில் நின்றவரிடம் மிஞ்சியது 10 தீனாரும் படுத்திருந்த விரிப்பும் மட்டுமே. சாமானும் மனிதனும் வேறு வேறு வழியில் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

ராத்தாவின் கைப்பை

என் ராத்தாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. சீனி வருத்தம். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. சிட்னியில் இருக்கும் மருமகன், உம்மாவையும் வாப்பாவையும் அழைத்து, அங்கிருந்து டார்வின், பாலி வழியாக சிங்கப்பூர் வரை 16 நாள் கப்பலுக்கு ஏற்பாடு செய்தார்.

புறப்படுமுன் ராத்தா என்னிடம் ஒரே ஒரு மஸ்அலா கேட்டார். "தம்பி, நடுக்கடலில மவுத்தாப் போனா என்னயக் கடலிலயா போடுவாங்க?"

கரை சேரும்வரை உடல் கெடாது என்றிருந்தால் காத்திருந்து மண்ணில்தான் அடக்க வேண்டும், வழியே இல்லாதபோதுதான் குளிப்பாட்டிக் கபனிட்டுத் தொழுதுவிட்டுக் கடலில் விடலாம் என்பது சட்டம். அபூதல்ஹா (ரழி) அவர்கள் கடலில் வபாத்தானபோது அடக்குவதற்கு ஒரு தீவு கிடைக்க ஏழு நாள் சென்றது, அதுவரை உடல் மாறவில்லை என்று அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இன்றைய பெரிய கப்பல்களில் ஜனாஸாவை வைக்கக் குளிரறை இருக்கிறது, துறைமுகத்தில் இறக்கி விடுவார்கள் என்று விளக்கினேன். அவருக்கு நிம்மதி. ஆனாலும் கபன் துணியை எடுத்து வைத்துக்கொண்டார். நான் தடுக்கவில்லை.

கப்பலேறும் நாள் வந்தது. விமானத்தைப் போலவே கப்பலிலும் பெரிய பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டி வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகும், சிலவேளை இரவாகும். ராத்தாவின் கையில் ஒரு பை மட்டும் இருந்தது. அதற்குள் மச்சானின் பிரஷர்க் குளிசைகள், வேளை வாரியாகப் பிரித்துப் பெயர் எழுதி. பேரப்பிள்ளைக்கு இருமல் மருந்து. ஒரு தஸ்பீஹ். கபன் துணி. அவருடைய இன்சுலின் மட்டும் பெரிய பெட்டியில், உடுப்புகளுக்கு நடுவில் இருந்தது. அதே பெட்டியில் அபாயாக்களை அழுத்த ஒரு அயன் பெட்டியையும் வைத்திருந்தார்.

தீப் பயத்தால் கப்பல்களில் பயணிகள் அயன் கொண்டுவர அனுமதிப்பதில்லை. பரிசோதனையில் அது தென்பட்டதும் பெட்டியைத் தனியே தடுத்து வைத்துவிட்டார்கள். இரவு ஒன்பது மணியாகியும் பெட்டி வரவில்லை. ஊசி நேரம் கடந்து ராத்தாவுக்குத் தலை சுற்றத் தொடங்கியது. மருமகன் ஓடியலைந்து கப்பல் மருத்துவரிடம் அழைத்துப் போனார். சீனி அளவு நன்றாக ஏறியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், அன்றிரவே சரியாக்கிவிட்டார்கள். அதற்கான கட்டணம் வேறு கதை.

இதைக் கேட்டபோது எனக்கு அயன் பெட்டியைவிட அந்தக் கைப்பைதான் மனதை உறுத்தியது. கணவருக்கு வேண்டியது இருந்தது. பேரனுக்கு வேண்டியது இருந்தது. தன் மவுத்துக்கு வேண்டியதும் இருந்தது. தான் உயிரோடிருக்க வேண்டியது மட்டும் இல்லை.

சகோதரிகளே, நம் வீடுகளில் எல்லோருடைய பெட்டியையும் கட்டுபவர் நீங்கள். உங்கள் பெட்டி எப்போதும் கடைசி. மிஞ்சிய இடத்தில் மிஞ்சிய நேரத்தில் கட்டுவது. உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று றஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். தரையில் மறந்ததைச் சந்திக்கடையில் வாங்கலாம். கப்பலிலும் கடை உண்டு, ஆனால் அங்கே கைக்கடிகாரமும் வாசனைத் திரவியமும்தான் குவிந்திருக்கும். உங்களுக்கு டொக்டர் எழுதித் தந்த குளிசையை அங்கே தேட முடியாது. ஆகவே இம்முறை உங்கள் பையை முதலில் கட்டுங்கள்.

எதை முதலில் வைப்பது?

பெட்டியைத் திறக்குமுன் கடனைத் தீருங்கள். சீட்டுக் காசு யாருக்கு எவ்வளவு, பக்கத்து வீட்டார் பாதுகாக்கத் தந்த நகை எந்த அலுமாரியில், களாவான நோன்பு எத்தனை என்பதை ஒரு தாளில் எழுதி நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். வபாத்தானால் எங்கே அடக்குவது என்ற விருப்பத்தையும் அதிலேயே எழுதலாம்.

அடுத்தது மருந்து. அது கையை விட்டுப் பிரியக் கூடாது. டொக்டரின் துண்டோடு, கடையில் தந்த பெட்டியோடு அப்படியே கொண்டு போங்கள். பயண நாட்களுக்கு மேல் இரண்டு வாரத்துக்காவது கூடுதலாக வையுங்கள். 2020 பெப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் என்ற கப்பலை 3,711 பேரோடு கொரோனாவுக்காகத் தடுத்து வைத்தபோது, நாளாந்தம் குடிக்கும் மருந்து தீர்ந்து வயோதிபர்கள் தவித்தது உலகறிந்த செய்தி. இன்சுலினை அறையின் சிறிய குளிர்பெட்டியில் வைக்கலாம், ஆனால் உறைய விட்டால் பழுதாகிவிடும். கப்பல் ஆட்டத்துக்கான குளிசையை வாந்தி வந்த பிறகு அல்ல, அதற்கு முன்பே குடிக்க வேண்டும். மற்ற மருந்துகளோடு ஒத்துப் போகுமா என்று உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். அறை பதிவு செய்யும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் கேட்டால் ஆட்டம் குறைவு. மாதாந்தத் தேவைக்கானவற்றையும் வீட்டிலிருந்தே போதியளவு எடுங்கள்.

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இறங்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் விசா வேண்டுமா என்று தனித்தனியே பாருங்கள். ஒரு நாட்டில் கப்பலேறி, வேறு நாடு பார்த்துவிட்டு அங்கேயே திரும்பி வருவதானால் ஒருமுறை நுழையும் விசா போதாது. கடலில் நோயாளியை இறக்கிக் கரைக்குக் கொண்டு செல்லப் பெரும் பணம் தேவைப்படும். அதையும் சேர்த்த காப்புறுதி அவசியம். கர்ப்பிணிகளை 24 வாரம் ஆனபின் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுவதில்லை என்பதையும் மகள்மாருக்குச் சொல்லி வையுங்கள்.

அயன், கேத்தல், ரைஸ் குக்கர், மெழுகுவர்த்தி, சாம்பிராணி ஆகியவற்றை வீட்டிலேயே விடுங்கள். சமைத்த சாப்பாட்டையும் ஏற்றமாட்டார்கள். முத்திரையிட்ட பொதிகளைப் பொதுவாக அனுமதிக்கிறார்கள். ஹலால் உணவு வேண்டும் என்று பதிவின்போதே எழுத்தில் கேளுங்கள். கிடைக்காதபோது மீனும் மரக்கறியும் இருக்கிறது, அதிலும் மது சேர்த்த குழம்பா என்று விசாரியுங்கள்.

தொழுகைக்கு மெல்லிய முஸல்லா ஒன்று, கழிவறைக்குச் சிறிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்று. வுழூவுக்குத் தண்ணீர் தாராளம். இன்றைய கப்பல்கள் கடல் நீரையே நன்னீராக்குகின்றன. இரும்புக் கப்பலுக்குள் திசைகாட்டி பிழையாகக் காட்டக்கூடும். அறைத் தொலைக்காட்சியில் கப்பல் போகும் திசையும் வரைபடமும் தெரியும், அதையும் சூரியனையும் வைத்துக் கிப்லாவைக் கணியுங்கள். தொழும்போது கப்பல் திரும்பினால் நீங்களும் கிப்லாவின் பக்கம் திரும்புங்கள். நின்றால் விழுந்துவிடும் அளவுக்குத் தலை சுற்றினால் உட்கார்ந்து தொழலாம். ஜம்உ, கஸ்ர் என்ற சலுகைகள் உங்களுக்கு உண்டு.

இன்னொன்று. ஒவ்வொரு இரவும் அபாயா, தலைத்துணி, வழுக்காத சப்பாத்து, கண்ணாடி, மருந்துப் பை இவ்வளவையும் கட்டிலருகே ஒரே இடத்தில் வைத்துவிட்டுப் படுங்கள். நடுச்சாமத்தில் அபாய மணி அடித்தால், மறைத்துக்கொள்ளத் துணி தேடி இருட்டில் நேரத்தை இழக்க மாட்டீர்கள்.

உடுப்புக்கு இடம் இதற்குப் பிறகுதான். கப்பலில் துணி கழுவும் வசதி இருக்கிறது. ஐந்தாறு உடுப்பைத் திரும்பத் திரும்ப உடுப்பதில் குறைவொன்றுமில்லை.

ராத்தா இவ்வருடம் உம்றாவுக்குத் தயாராகிறார். நேற்று வீட்டுக்குப் போனேன். கூடத்து மேசையில் ஒரு சிறிய பை, மேலே அவருடைய பெயர். மச்சானின் பெட்டியில் இன்னும் ஒரு துணிகூட வைக்கப்படவில்லை. மச்சான் தன் குளிசைகளைத் தானே எண்ணிக்கொண்டிருந்தார்.

அல்லாஹு தஆலா கடலிலும் கரையிலும் நம் பயணங்களைப் பாதுகாப்பானதாகவும், அவனுடைய பொருத்தத்துக்குரியதாகவும் ஆக்குவானாக. ஆமீன்.