கடைசியாக வந்த பெண்

பிரான்சில் கிரெனோபிள் நகரிலிருந்து அல்ப்ஸ் மலையடியில் உள்ள பூர்-துவாசான் என்ற சிற்றூருக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். 2024 ஆகஸ்ட் 17ஆம் திகதி நானும் என் தோழியும் அந்தத் தூரத்தைச் சைக்கிளில் போய்ச் சேர்ந்தோம். கோடை விடுமுறையில் ஒரு கிழமை சைக்கிளிலேயே இடங்கள் பார்ப்பது எங்கள் திட்டம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெண்களுக்கான 'தூர் து பிரான்ஸ்' சைக்கிளோட்டப் போட்டியின் இறுதி நாள். அந்த ஊரைக் கடந்துதான் வீராங்கனைகள் அல்ப்-துயேஸ் மலைக்கு ஏறுவார்கள்.

ஆண்களுக்கான இந்தப் போட்டி 1903இல் தொடங்கியது. பெண்களுக்கு 1984 முதல் 1989 வரை நடத்திவிட்டு நிறுத்திவிட்டார்கள். மறுபடி தொடங்கியது 2022இல்தான். 2024இல் ஆண்களில் முதலாவதாக வந்தவருக்குப் பரிசு 5 இலட்சம் யூரோ. பெண்களில் முதலாவதாக வந்தவருக்கு 50 ஆயிரம் யூரோ.

வீதியை மூடுவதற்கு முன் காலையிலேயே ஏறத் தொடங்கினோம். மலைப்பாதை 13.8 கிலோமீற்றர். அதில் 21 வளைவுகள். கீழே 21 என்று தொடங்கி உச்சியில் 1 என்று முடியும். ஆரம்பமே கடும் ஏற்றம். இரண்டாவது வளைவில் எனக்கு மூச்சு வாங்கியது. இறங்கிவிட்டேன். வயதானவர்கள்கூட என்னைக் கடந்து மிதித்துப் போனார்கள். வெட்கமாக இருந்தது.

"இறங்கினால் என்ன? உருட்டிக்கொண்டு போவம் வா" என்றாள் தோழி.

சைக்கிள் உருட்டுவது எனக்குப் புதிதல்ல. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது, அம்மா எங்கள் பழைய சைக்கிளில் அரிசி மூட்டையையும் துணிப் பொதியையும் கட்டி உருட்டினார். தம்பி பாரில் இருந்தான். நான் பின் கரியரைப் பிடித்தபடி நடந்தேன். நாவற்குழிப் பாலத்தில் சனம் அடி அடியாகத்தான் நகர்ந்தது. அந்தச் சைக்கிளை அம்மா எங்கும் விடவில்லை. அதை நினைத்ததும் வெட்கம் போய்விட்டது. 16ஆம் வளைவுவரை உருட்டிப் போய், ஓரமாக உட்கார்ந்தோம்.

பிற்பகல் வீராங்கனைகள் வந்தார்கள். முன்னால் இருவர். அதில் ஒருவர் நெதர்லாந்தின் டெமி வோலரிங். மூன்று நாட்களுக்கு முன்னர், ஐந்தாம் கட்டத்தில் விழுந்து, ஒன்றரை நிமிடத்துக்கு மேல் இழந்தவர். அந்த நேரத்தை மீட்கத்தான் அன்று முழுமூச்சாக ஏறினார். பின்னால் மஞ்சள் சட்டையில் போலந்தின் கத்தார்சினா நெவியாதோமா. அவர் முன்னைய இரண்டு ஆண்டுகளும் மூன்றாம் இடம் பெற்றவர். உச்சியை வோலரிங் முதலில் தொட்டார். ஆனால் எல்லா நாட்களின் நேரத்தையும் கூட்டியபோது நெவியாதோமா 4 விநாடிகளால் வென்றிருந்தார். ஆண்கள் போட்டியிலும் இவ்வளவு சிறிய வித்தியாசம் வந்ததில்லை. பக்கத்தில் நின்ற பிரெஞ்சு மூதாட்டி கைத்தொலைபேசியில் முடிவைக் கேட்டு, எங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

சனம் கலையத் தொடங்கியது. மூதாட்டி மட்டும், "இன்னும் முடியவில்லை, இருங்கள்" என்றார்.

நெடுநேரம் கழித்து ஒரு பெண் தனியாக ஏறி வந்தார். முகம் முழுவதும் உப்புப் படிந்திருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு வண்டி மெதுவாக ஊர்ந்து வந்தது. ஓட முடியாமல் விலகுகிறவர்களை ஏற்றிக்கொள்ளும் வண்டி அது. 1910 முதல் உள்ள வழக்கம். தும்புத்தடியால் கூட்டி அள்ளுவதுபோல் என்பதால் அதைத் 'தும்புத்தடி வண்டி' என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். அந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வண்டியில் ஏறி இருக்கலாம். அவர் திரும்பியே பார்க்கவில்லை. மூதாட்டி "கூராஜ்! கூராஜ்!" என்று கத்தினார். மனத் துணிவு என்று அர்த்தம். நாங்களும் கத்தினோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை மிச்சமிருந்த வளைவுகளை மிதித்தும் உருட்டியும் ஏறி முடித்தோம். உச்சியில் தேநீர்க் கடையில் கிடந்த பத்திரிகையில் முடிவுகள் வந்திருந்தன. பட்டியலின் அடியில் கடைசியாக வந்தவரின் பெயரும் நேரமும் அச்சாகியிருந்தன. அன்று மாலை ஊரிலிருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். மலையேறியதைச் சொன்னேன்.

"உருட்டினனியோ, மிதிச்சனியோ?" என்று கேட்டார்.

"இரண்டும்தான் அம்மா" என்றேன்.