விரலுக்குக் கீழே உருளும் நாடி

அவர் கொல்லிமலையின் ஆலத்தூர் நாட்டிலிருந்து வந்திருந்தார். அங்கே சில்வர் ஓக் மரங்களில் ஏணி சாத்தி மிளகு பறித்தே அறுபது வயதைத் தொட்டவர். சில மாதங்களாக மேடேறினால் நெஞ்சை அடைக்கிறது. கேத் லேப் மேசையில் படுக்க வைத்து மணிக்கட்டைத் தொட்டேன். நாடி கயிறுபோல உருண்டது.

"ஐயா, பிரஷர் மாத்திரையை எப்போ நிறுத்தினீங்க?"

"தலைசுத்தல் நின்னுச்சு சார், நானும் நிறுத்திட்டேன்."

மணிக்கட்டு வழியாகக் குழாயை ஏற்றியதும் திரையில் 196/104 என்று ஓடியது. பல வருடம் பிரஷரைத் தாங்கிய தமனி நீண்டு நெளிந்துவிடும். வயர் தோள்பட்டையைத் தாண்டியதும் சுருண்டு நின்றது. அந்த இடத்தில் தள்ளக் கூடாது, தள்ளினால் ரத்தக்குழாயின் உள்சுவர் கிழியும். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க ஐயா" என்றேன். மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் இறங்கும். இதயமும் பெருந்தமனியும் அதோடு இழுபட்டு நெளிவு கொஞ்சம் நிமிரும். அந்த ஒரு மூச்சுக்குள் வயர் வழுக்கி இறங்கியது.

பிரஷர் மட்டும் இறங்கவில்லை. அவசரப்பட்டு மருந்தைக் கொட்டி இறக்கிவிடவும் முடியாது. அடைப்புக்கு அப்பால் உள்ள தசைக்கு ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருப்பதே அந்த அழுத்தம்தான். அவர் முகத்தைப் பார்த்த சிஸ்டர் குனிந்து காதருகே ஏதோ கேட்டார். மூத்திரம் முட்டிக்கொண்டிருக்கிறது, வெட்கத்தில் சொல்லவில்லை. படமெடுக்கச் செலுத்தும் டை உள்ளே போனால் சீக்கிரமே முட்டும். பாத்திரம் வைத்த சில நிமிடங்களில் பிரஷர் 160க்கு வந்தது. மருந்துக்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும் என்பது ஒவ்வொரு முறையும் நினைவில் வைக்க வேண்டிய பாடம்.

ஸ்டென்ட் வைக்க ஹெபாரின் கொடுத்து ரத்தத்தை உறையவிடாமல் செய்கிறோம். அதோடு பிரஷரும் ஏறி இருந்தால் குழாய் போட்ட இடத்தில் ரத்தக்கசிவு அடங்காது. பயிற்சிக் காலத்தில் ஒருவருக்குத் தொடைவழிக் குழாயை உருவிவிட்டு, பிரஷரைப் பார்க்காமல் அழுத்திய கையைச் சீக்கிரம் எடுத்துவிட்டேன். அரை மணியில் தொடை வீங்கிக் கல்லாகிவிட்டது. அவர் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அழுத்திப் பிடித்திருக்கும் நேரம் முழுக்க என் கண் மானிட்டரில்தான் இருக்கும்.

மலைக்காரர்களை நினைத்தால் இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. மாரடைப்பு வந்தால் காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள். கேத் லேப் எட்டாத தூரத்தில் இருப்பவர்களுக்குக் கை கொடுப்பது ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி. ஆனால் பிரஷர் 180/110ஐத் தாண்டி நின்றால் அந்த ஊசியைப் போடக் கை தயங்கும். மூளைக்குள் ரத்தம் கசிந்துவிடலாம். முதலில் பிரஷரை இறக்கியாக வேண்டும், அதுவரை இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். நகரத்தில் இருப்பவருக்கு மாற்று வழி உண்டு. ஆலத்தூர் நாட்டில் இருப்பவருக்கு அந்தத் தினசரி மாத்திரைதான் ஊசிக்கான வழியைத் திறந்து வைக்கிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் மாத்திரை வீடு தேடியே வருகிறது. வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அவர் கேட்டார்: "அதான் ஸ்டென்ட் வெச்சாச்சே சார், இனி பிரஷர் மாத்திரை எதுக்கு?" ஸ்டென்ட் ஓர் அடைப்பைத்தான் திறந்திருக்கிறது, பிரஷர் உடம்பிலுள்ள எல்லாக் குழாயையும் அடிக்கிறது என்றேன். அவர் மனைவி மஞ்சப்பையிலிருந்து பிரிக்காத அட்டைகளை எடுத்து மேசையில் அடுக்கினார். எல்லாம் ஆம்லோடிபின். நான் தேதிகளைப் பார்த்துக் காலாவதியானவற்றைத் தனியே ஒதுக்கினேன்.

"எப்ப குடுக்கணும் சார்?"

"தினமும் ஒரே நேரத்துல குடுங்கம்மா."

"அப்ப காலையில காப்பியோட குடுத்திடறேன், தோட்டத்துக்குக் கிளம்புறதுக்கு முந்தி."