அட்டையில் யார் முகம்?

தோழர்களே, சிறந்த ஆல்பங்கள் என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். இது என்னுடையது.

ஜாஸில் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. ராத்திரியில் தனியாகக் கேட்க வேண்டிய நிதானம். வெளிவந்தது 1959 ஆகஸ்ட் 17. எட்டே நாளில், நியூயார்க்கில் தான் வாசித்த கிளப்பின் வாசலில் நின்ற அந்தக் கறுப்பரைப் போலீஸ் மண்டையில் அடித்தது.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986). தியாகராஜருக்கும் பாக்குக்கும் சேர்த்தே காணிக்கை. பண்ணைப்புரத்துக்காரர் அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

ராப்பில் அறிவும் ஆஃப்ரோவும் செய்த 'தெருக்குரல்' (2019). மெட்டைவிட வரிதான் பலம். அறிவு எழுதிப் பாடிய 'என்ஜாயி எஞ்சாமி' 2021இல் உலகம் சுற்றியது. அந்த ஆகஸ்ட் மாத ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அவர் முகம் இல்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அவருக்குத் தனி அட்டை வந்தது.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இது புரியும். இங்கே செய்த பீங்கான் பொம்மை யார் வீட்டு ஷோகேஸிலோ நிற்கும். செய்தவர் பெயர் எங்கும் இருக்காது.

பாட்டைக் கொண்டாடிவிட்டு ஆளை மறப்பதும் ஒதுக்குதல்தான். அடுத்த முறை ஒரு பாட்டைப் பகிரும்போது எழுதியவர், பாடியவர், பறை அடித்தவர் பெயரையும் சேர்த்துப் பகிருங்கள்.